ஒரு அங்குலக் கட்டை

"ஒரு இஞ்சுக் கட்டை ரெண்டு வெட்டிக் கொண்டா," என்றான் லீலண்ட். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்ததால் குரல் மட்டும்தான் வந்தது.

"எவ்வளவு நீளம்?"

"உள்ளங்கை நீளம் போதும். டயர் மேல உக்காரணும், அவ்வளவுதான்."

"எந்தப் பலகையில வெட்டறது?"

"ஒரு இஞ்சுக் கட்டைய எதுல வெட்டுவாங்க? ஒரு இஞ்சுப் பலகையில. ரெண்டு இஞ்சுப் பலகையில வெட்டினா அது ரெண்டு இஞ்சுக் கட்டை."

"கேட்டது ஒரு குத்தமா? பஸ் ஓட்டினவகிட்ட மரவேலை சொல்ற."

"நீ ஓட்டின பஸ்ஸுல அம்பது பிள்ளைங்க இருந்துச்சு. இதுல நான் ஒருத்தன்தான். பயப்படாம வெட்டு."

ஆர்லிஸ் ஷெட்டின் மூலையில் சாய்த்து வைத்திருந்த பலகைகளில் ஒன்றை உருவி, ரம்பத்தில் இரண்டு துண்டு போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். விமானத்துக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"அளந்து பாக்கலையா?" என்று கேட்டாள்.

"உன் பஸ் டயர்ல காத்து இருக்கான்னு நான் என்னிக்காவது வந்து பாத்தேனா?"

காதில் செருகியிருந்த கறுப்புப் பேனாவை எடுத்து இரண்டு கட்டையிலும் பெரிதாக '1' என்று எழுதினான். "இந்தா, அளந்தாச்சு," என்றான்.

அந்த ஆகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு நடந்த பேச்சு இது. ஐந்து நிமிஷம்கூட இருக்காது. பிற்பாடு ஆர்லிஸ் இதை ஒவ்வொரு சொல்லாக, வரிசை மாறாமல், எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்பாள். இரும்பு ஸ்கேல் கைக்கு எட்டும் தூரத்தில், சுவரில் ஆணியில், தொங்கிக்கொண்டிருந்தது.

ஆர்லிஸ் குபிசெக்குக்கு அப்போது வயது அறுபத்தாறு. நெப்ராஸ்காவில் ஹாவ்லிக் என்ற சின்ன ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஷெட். ஷெட்டை ஒட்டித் தெற்கு வடக்காக ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடிக்குப் புல் வளர்த்த ஓடுபாதை. இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். அதிகம் பேச மாட்டாள். பிள்ளைகளுக்கு அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "டிரைவர் கண்ணு உங்க கண்ணைப் பாத்துச்சுன்னு தெரியற வரைக்கும் பஸ்ஸுக்கு முன்னால அடி எடுத்து வைக்கக் கூடாது." இருபத்தேழு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

லீலண்ட் மின்சாரக் கம்பெனியில் கம்பம் ஏறியவன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பே, சொந்தமாக ஒரு விமானம் கட்டுவது என்று ஆரம்பித்துவிட்டான். இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் குட்டிச் சக்கரம் ஒன்று. பதினோரு வருஷம் ஆயிற்று. தகடுகளை இணைக்கப் பதினாலாயிரம் ரிவெட் ஆணி. அவன் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, உள்ளிருந்து இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்தது ஆர்லிஸ்தான். இறக்கையின் உள்ளே, வாலின் உள்ளே, அவன் கை நுழையாத சந்துகளில் எல்லாம் அவள் கைதான் நுழைந்தது. தகடு எவ்வளவு கனம், ரிவெட்டின் தலை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அவள் விரல்நுனி ஸ்கேல் இல்லாமலே சொல்லும்.

வசந்தத்தில் விமானம் பறந்தது. சக்கரங்களுக்குக் கூடு போடாமலேதான் பறந்தது. கென்ஃபீல்டில் தார் போட்ட ஓடுபாதையுள்ள சின்ன விமான நிலையத்தில் சனிக்கிழமை காலைகளில் விமானக்காரர்கள் கூடிக் கொலாச்சி ரொட்டியும் காப்பியும் சாப்பிடுவார்கள். அங்கே போகும்போதெல்லாம் கிண்டல்தான். "லீலண்ட், உன் பொண்ணுக்குக் கால்சட்டை எப்ப போடப் போற? வெக்கமா இருக்கு," என்பார்கள். சக்கரமும் அதன் காலும் காற்றில் திறந்து கிடந்தால் அவையே விமானத்தைப் பின்னால் இழுக்கும். மேலே மீன் வடிவத்தில் ஃபைபர் கூடு மாட்டினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும்.

மாட்டுவது சாதாரண வேலை இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது அதன் கனத்தில் கால்கள் அகன்றுகொள்ளும். வானத்தில் தொங்கும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும். அதனால் ஜாக்கி வைத்து விமானத்தையே தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும் நிலையில்தான் கூட்டைப் பொருத்த வேண்டும். கூடு இம்மி கோணலாக இருந்தாலும் விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். லீலண்ட் இரண்டு நாள் தூக்குக் குண்டு தொங்கவிட்டு, மூக்கிலிருந்து வால்வரை சிமென்டுத் தரையில் சாக்கட்டிக் கோடு போட்டு, கூட்டின் முனையும் வாலும் அந்தக் கோட்டுக்குச் சமதூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நூலின் தடிமனுக்காக அரை நாள் போட்ட வேலையைப் பிரித்தான். மாவட்டத்திலேயே நேரான சக்கரக் கூடு அவனுடையதுதான் என்று பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த இரண்டு நாளும் கூடுகள் உட்கார்ந்திருந்தது ஆர்லிஸ் வெட்டிக் கொடுத்த கட்டைகளின் மேல்தான். டயருக்கு மேல் கட்டை, கட்டைக்கு மேல் கூடு. திருகாணிக்குத் துளை போட்டு முடித்ததும் கட்டையை உருவிவிடுவார்கள். கட்டையின் கனம் எவ்வளவோ அதுதான் டயருக்கும் கூட்டின் கூரைக்கும் இடைவெளி. ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஏன் என்பதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மெர்ல் டெசர் சனிக்கிழமை சனிக்கிழமை கென்ஃபீல்டுக்குக் காரில் வருவான். நாலு வருஷம் முன்பு தன் விமானத்தை ஈரமான புல்லில் இறக்கினான். சேறு கூட்டுக்குள் ஏறி அடைத்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த சக்கரம் சட்டென்று நின்றது. விமானம் மூக்கைக் குத்திக் குப்புறக் கவிழ்ந்தது. இப்போது மெர்ல் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டான், முழு உடம்பையும் திருப்புவான்.

ஆர்லிஸ் ஒரு தடவைகூட லீலண்ட் தரையிறங்குவதைப் பார்த்ததில்லை. எஞ்சின் சத்தம் வடக்கிலோ தெற்கிலோ கேட்டதும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எல்லாம் கேட்கும். வீட்டுக்கு மேலே ஒரு சுற்று. பிறகு எஞ்சின் தணியும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்காத கொஞ்ச நேரம். பிறகு ஷெட்டை நோக்கி உறுமிக்கொண்டு வரும் சத்தம். அது கேட்டதும் குழாயை மூடுவாள். அவள் குழாயைத் திறப்பது லீலண்டுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை லீலண்ட் மின்னசோட்டாவில் இருக்கும் தன் அக்கா டோரீனிடம் விமானத்தைக் காட்டப் புறப்பட்டான். அதற்கு முந்தின வாரம்தான் தேய்ந்த டயர்களைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டிருந்தான். "கூடு போட்டப்புறம் பதினேழு மைல் வேகம் கூடிருக்கு. அக்கா வீட்டுல காப்பி ஆறறதுக்குள்ள போயிடுவேன்," என்றான். விமானத்தை ஷெட்டிலிருந்து தள்ளும்போது ஒரு புல் தண்டு டயருக்கும் கூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் குனிந்து சுண்டுவிரலை விட்டு எடுக்கப் பார்த்தாள். விரல் போகவில்லை. "விடு, அது தானா விழுந்துடும்," என்றான் லீலண்ட். விட்டுவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தது.

"கிளம்பறேன். நாலரைக்கு மேல தலையப் பாக்கலாம். அங்க மழையா?"

"நாலு தூறல்."

"நாலு தூறலா, அஞ்சா?"

"எண்ணிப் பாத்துச் சொல்றேன். பாத்து வா."

"உனக்கு டோரீன் ஊறுகாய் குடுத்திருக்கா. பீட்ரூட். கனம் தாங்குமான்னு பாக்கணும்."

அதோடு வைத்துவிட்டான். பறக்கும்போது தொலைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுவது அவன் வழக்கம்.

இரண்டரைக்கு வானம் இடிந்து விழுந்தது. எதிரில் இருந்த விவசாயி கோர்டியின் களஞ்சியம் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டரை அங்குலம் பெய்தது என்று வேலியோரத்து மழைமானி சொன்னது. நின்றபின் மேற்கே வெயில்கூட எட்டிப் பார்த்தது. காற்று வடக்கிலிருந்து வீசியது.

ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ஆர்லிஸ் முட்டிவரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய், தரையில் கிடந்த பெட்டிகளைத் தூக்கி மேலே வைத்தாள். காற்றடிக்கும் கம்ப்ரஸரின் ஒரு கால் தண்ணீரில் நின்றது. அதற்கு அண்டை கொடுக்க ஏதாவது வேண்டும். பெஞ்சின் மேல் '1' என்று எழுதிய கட்டை கிடந்தது. எடுத்தாள்.

கட்டையை விரல்களுக்கு நடுவில் பிடித்தபோதே கை சொல்லிவிட்டது. மூளை ஒப்புக்கொள்ளவில்லை. ஆணியிலிருந்து ஸ்கேலை எடுத்து விளிம்பில் வைத்தாள். முக்கால் அங்குலம்.

இன்னொரு கட்டையைத் தேடி எடுத்து அளந்தாள். அதுவும் முக்கால்.

மரக்கடையில் ஒரு அங்குலப் பலகை என்று கேட்டு வாங்குவது ஒரு அங்குலம் இருக்காது. அறுக்கும்போது ஒரு அங்குலம். காய்ந்து சுருங்கி, இரண்டு பக்கமும் இழைத்துக் கடைக்கு வரும்போது முக்கால்தான் மிஞ்சும். பெயர் மட்டும் பழைய பெயராகவே ஒட்டிக்கொண்டிருக்கும். வீடு கட்டுகிறவன், கோழிக் கூண்டு செய்கிறவன், எல்லோருக்கும் இது தெரியும். அந்த ஷெட்டைக் கட்டியதே லீலண்ட்தான். ஆர்லிஸும் அவன்கூட நின்று பலகை பிடித்தவள்தான். தெரிந்த விஷயம் என்பதாலேயே இரண்டு பேரும் அதை நினைக்கவில்லை.

புது டயர் பழையதைவிட உயரம். அதற்கு ஒரு கால் அங்குலம் போயிருக்கும். மிச்சம் அரை. சுண்டுவிரல் போகவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

ஆர்லிஸ் கைத்தொலைபேசியை எடுத்து லீலண்டின் எண்ணுக்கு அடித்தாள். அவன் குரலிலேயே, இப்போது எடுக்க முடியாது, விஷயத்தைச் சொல்லி வையுங்கள் என்று வந்தது. சொல்லி வைத்தாள். திரும்ப அடித்தாள். திரும்ப அதே குரல். கென்ஃபீல்ட் விமான நிலையத்துக்கு அடித்தாள். அதை நடத்தும் டுவேனின் மனைவி மார்வெல்லா எடுத்தாள்.

"ஆர்லிஸா? சொல்லு கண்ணு. உங்க பக்கம் மழை கொட்டுச்சாமே?"

"டுவேன் இருக்கானா?"

"புல் வெட்டற மெஷினுக்கு பெல்ட் வாங்க டவுனுக்குப் போயிருக்கான். போய் ரெண்டு மணி நேரமாச்சு. பெல்ட் வாங்கறானோ, பீர் வாங்கறானோ."

"மார்வெல்லா, ரேடியோவுல லீலண்டைக் கூப்பிடு. வீட்டுல இறங்க வேண்டாம்னு சொல்லு. அங்க வந்து இறங்கச் சொல்லு. தார் ரோட்டுல."

"என்ன ஆச்சு?"

"கூடு இறுக்கமா இருக்கு. இங்க சேறு. நான் வெட்டின கட்டை..." கடிகாரத்தைப் பார்த்தாள். "கூப்பிட்டுக்கிட்டே இரு. நிறுத்தாத."

"கூப்பிடறேன். அவன் ரேடியோவப் போட்டு வச்சிருக்கானா?"

அதுதான். வீட்டுக்கு வரும் வழியில் லீலண்ட் ரேடியோவை அணைத்துவிடுவான். 'அங்க என்கிட்ட பேச யாரு இருக்கா, மாடா?' என்பான். கையில் பிடித்துப் பேசும் சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தது. இந்தத் தடவை துணைக்கு இருக்கட்டும் என்று அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

மூடிய ஓடுபாதையில் மஞ்சளில் பெரிய பெருக்கல் குறி போட்டு வைப்பார்கள் என்று ஆர்லிஸுக்குத் தெரியும். எந்த விமானக்காரனும் அதைப் பார்த்தால் இறங்க மாட்டான். மாடியில் விருந்தாளி அறைக் கட்டிலில் மஞ்சள் விரிப்பு ஒன்றும், அலமாரியில் அதே போல இன்னொன்றும் இருந்தன. இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடுபாதையின் தெற்கு முனையில் குறுக்கும் நெடுக்குமாக விரித்தாள். ஒவ்வொரு மூலையிலும் கல் வைக்க வைக்க, எதிர்மூலையைக் காற்று பிடுங்கிச் சுருட்டியது. நாலு கல்லுக்குப் பத்துக் கல் வைத்தாள். அதற்குள் விரிப்பு சேற்றை உறிஞ்சிச் சேறாகவே ஆகிவிட்டது. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் அவளுக்கே அது பெருக்கல் குறியாகத் தெரியவில்லை.

நாலு இருபது.

பிக்கப் வண்டியை எடுத்தாள். ஓடுபாதையின் நட்டநடுவில் குறுக்காக நிறுத்திவிட்டால் இந்தப் பக்கமும் இடம் போதாது, அந்தப் பக்கமும் போதாது. தெற்கு முனையில் ஏறி வடக்கே விட்டாள். புல்லுக்கு அடியில் நெப்ராஸ்காக் கரிசல் மண், பசை போல் இளகியிருந்தது. அறுநூறு அடி தாண்டுவதற்குள் பின்சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. பனியில் ஐம்பது பிள்ளைகளோடு மாட்டிய பஸ்ஸை வெளியே எடுத்தவள் அவள். முன்னே, பின்னே, முன்னே என்று மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். வண்டி அச்சுவரை இறங்கியது. கதவைத் திறந்து இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தாள். மண் டயரோடு சுற்றிச் சுற்றி, சக்கரத்துக்கு மேலிருந்த அகன்ற வளைவையே முழுசாக அடைத்திருந்தது. அங்கே நாலு அங்குல இடைவெளி இருந்தது.

வண்டிக்கு அப்பால் வடக்கே இன்னும் ஆயிரத்து முந்நூறு அடி வெறுமையாகக் கிடந்தது. லீலண்டுக்கு ஆயிரம் அடி போதும். ஆயிரத்தில் நிறுத்துவேன் என்று பந்தயம் கட்டி நிறுத்திக் காட்டியிருக்கிறான்.

அப்போது சத்தம் கேட்டது. வடகிழக்கிலிருந்து.

வெள்ளையும் நீலமுமாக விமானம் வீட்டுக்கு மேலே தாழ்வாக வந்தது. வந்துவிட்டேன் என்று இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். ஆர்லிஸ் இரண்டு கையையும் வீசினாள். 'போ, போ' என்று மேற்கே கென்ஃபீல்ட் இருக்கும் திசையைக் காட்டினாள். முந்நூறு அடி உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, சேற்றில் வண்டியை மாட்டிவிட்டு உதவிக்குக் கையை ஆட்டும் ஒரு பெண்தான் தெரிவாள். விமானம் தெற்கே போய்த் திரும்பியது.

அவளுக்குச் சத்தம் தெரியும். ஐந்து மாதம் தண்ணீர்க் குழாயின் மேல் கேட்ட சத்தம். எஞ்சின் தணிந்தது. அவன் இறங்கப் போகிறான். வண்டிக்கு மேலே பறந்து வந்து, அந்தப் பக்கம் மிச்சமிருக்கிற புல்லில் இறங்கி, 'என்ன கிழவி, வண்டிய மாட்டிட்டியா?' என்று கேட்பதற்காக இறங்கப் போகிறான்.

ஆர்லிஸ் வடக்கே ஓடினாள். பூட்ஸ் இரண்டும் சேற்றில் தங்கிவிட்டன. காலுறையோடு ஓடினாள். வண்டிக்கு அப்பால் இருநூறு அடி போயிருப்பாள், அதற்கு மேல் மூச்சு இல்லை. திரும்பித் தெற்கே பார்த்து, ஓடுபாதையின் நடுவில் நின்றாள்.

வால்சக்கர விமானம் தரையைத் தொடப் போகும் கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கும். தூக்கிவிட்டால் ஓட்டுகிறவனுக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாது, மூக்கு மறைத்துவிடும். அவன் ஓரப் பார்வையில் புல்லின் விளிம்பைப் பார்த்துத்தான் இறங்குவான். அதற்கு முன்னால் அவன் அவளைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அவள் நின்றதற்கு அர்த்தமில்லை. அவளை இடித்துவிட்டு அவனும் கவிழ்வான்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டில் குறுக்காகப் போட்டுக்கொண்டாள். மஞ்சள் விரிப்பால் முடியாததை உடம்பால் செய்தாள்.

விமானம் எதிரே சின்னதாக இருந்தது. பிறகு சின்னதாக இல்லை. மூக்குக்குக் கீழே அந்த இரண்டு கூடுகளும் அவளை நோக்கி வந்தன, அணுவளவும் கோணல் இல்லாமல். வண்டியைத் தாண்டும் உயரத்தில் வந்தது. விலகு என்று கால் சொன்னது. டிரைவர் கண்ணு உங்க கண்ணைப் பாத்துச்சுன்னு தெரியற வரைக்கும், என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. பிள்ளைகளிடம் அவள் சொன்னது அசையாமல் நிற்பதற்காக. அவளும் அசையவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

எஞ்சின் அலறியது. விமானம் அவள் தலைக்கு மேல் ஏறியது. காற்று அவளை உட்கார வைத்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தாள். விமானம் வடக்கே போய், மேற்கே சாய்ந்து, கோர்டியின் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. சத்தமும் தேய்ந்து போனது.

புரிந்துகொண்டானா, இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. மேற்கே கென்ஃபீல்டும் இருக்கிறது, இரண்டு மைலில் கோர்டி அறுவடை முடித்த வைக்கோல் வயலும் இருக்கிறது. கோடையில் அவன் அந்த வயலில் இரண்டு தடவை இறங்கியிருக்கிறான். கைத்தொலைபேசி எங்கே என்று தேடினாள். வண்டிக்கும் ஷெட்டுக்கும் நடுவில் எங்கேயோ, சேற்றில். வீட்டுக்குள் போய் அங்கிருக்கும் தொலைபேசியில் மார்வெல்லாவைக் கூப்பிடலாம். எழுந்திருக்க வேண்டும். அவள் எழவில்லை. எழுந்து போய்க் கேட்டால் ஏதாவது ஒரு பதில் கிடைத்துவிடும். கேட்காதவரை இரண்டு பதிலும் உயிரோடு இருந்தன. அந்த நிலையில் அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. ரம்பம் பலகையில் இறங்கிய சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பலகையில வெட்டறது. ஒரு இஞ்சுப் பலகையில. அளந்து பாக்கலையா. திரும்ப முதலிலிருந்து.

கோர்டி டிராக்டரில் வந்தான். எழுபத்து நாலு வயதுக்காரன், எதற்கும் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. டிராக்டரை அணைக்காமலேயே மேலிருந்து சொன்னான்:

"மார்வெல்லா எனக்கு போன் பண்ணா. உன் புருஷன் அங்க இறங்கிட்டான். முழுசா இருக்கானாம்."

ஆர்லிஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அழறதுன்னா அழு," என்றான் கோர்டி. "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். இந்தச் சேத்துல அழுதா யாருக்குத் தெரியப் போகுது."

அவள் அழவில்லை. ஷெட்டுக்குப் போய்க் கட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கோர்டி அவளைத் தன் காரில் கென்ஃபீல்டுக்குக் கூட்டிப்போனான். இருக்கையில் உரச் சாக்கு ஒன்றை விரித்துவிட்டுத்தான் உட்கார விட்டான்.

விமானம் தார்த் தளத்தில் நின்றது. லீலண்ட் அதன் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது சக்கரக் கூட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். அவளை உச்சி முதல் காலுறை வரை பார்த்தான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றான். "உன் மேல ஏத்தியிருப்பேன் நான். இன்னும் ஒரு நொடி. ஒரே நொடி."

"விரிப்பைப் பாக்கலையா?"

"துவைச்சுக் காயப் போட்டது பறந்து வந்து விழுந்திருக்குன்னு நினைச்சேன்."

அலுவலகக் கதவில் சாய்ந்து நின்ற மார்வெல்லா, "நான் வேற ரேடியோவுல முக்கால் மணி நேரமா, லீலண்ட், உன் பொண்டாட்டி உன்னை வீட்டுக்கு வர வேண்டாங்கறான்னு கத்தறேன்," என்றாள். "நாலு மாவட்டத்துல இருக்கற அத்தனை பேரும் கேட்டாச்சு. உனக்குத்தான் கேக்கல."

"கடைசியில கேட்டுச்சு," என்றான் லீலண்ட். "அவளைத் தாண்டி மேல போனப்புறம்தான் ரேடியோவப் போட்டேன். அப்படி என்ன பண்ணிட்டோம்னு யோசிச்சுக்கிட்டே வந்து இறங்கினேன்."

ஆர்லிஸ் கட்டையை எடுத்து நீட்டினாள். அவன் தன் கையெழுத்தைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்து விளிம்பில் வைத்தான். முக்கால்தான். பிறகு மடியில் இருந்த கூட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். உள்ளே கூரையில் டயர் உரசிய கறுப்பு வளையம். வளையத்தின் ஓரத்தில் நேற்றுக் காலைப் புல்லும் காய்ந்த மண்ணும் செங்கல் போல இறுகிக் கிடந்தன. காய்ந்த தரையில் ஓடியதற்கே அது.

"நான் வெட்டினது," என்றாள் ஆர்லிஸ்.

"நான் எழுதினது," என்றான் லீலண்ட்.

மார்வெல்லா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இனிமேல் அவன் பறப்பானா என்று ஆர்லிஸ் கேட்கவில்லை. பறக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு வாக்கியம் அவள் வாய்வரை வந்து, அங்கேயே நின்றது. அவன் அதைப் பார்த்திருக்க வேண்டும். இடது கூட்டின் திருகாணிகளைக் கழற்றத் திருப்புளியை எடுத்தவன், அதைக் கீழே வைத்தான்.

"தரை காயட்டும். ரெண்டு கூட்டையும் இங்கயே விட்டுட்டு, வெறுங்காலோட வீட்டுக்குக் கொண்டுவர்றேன்," என்றான். அவளைப் பார்க்காமல், கையில் இருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னிக்கு நீ குழாயத் திறக்காத, ஆர்லிஸ். நான் இறங்கறப்போ வெளியில வந்து, என் கண்ணுக்குத் தெரியற இடத்துல நில்லு." கொஞ்சம் நிறுத்தி, "ஓரமா," என்றான்.